யமுனையில் சிறு படகை எங்கே இறக்குவது: டெல்லியில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மயூர் விஹாரிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் நாள்தோறும் நிஜாமுதீன் பாலத்திலோ டிஎன்டி சாலையிலோ யமுனையைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள். பாலத்தின் மேலிருந்து பார்த்துப் பார்த்து, ஒருநாள் இந்த ஆற்றில் இறங்கித் துடுப்புப் போட வேண்டும் என்ற ஆசை சிலருக்காவது வந்திருக்கும். எனக்கு வந்தது. இருவர் அமரக்கூடிய, காற்றடைக்கும் ரப்பர் படகு ஒன்றை வாங்கி ஏழு குளிர்காலங்களாக இந்த ஆற்றில் இறங்கி வருகிறேன். புதிதாகப் படகு வாங்கியவர்கள் முதலில் என்னிடம் கேட்பது துடுப்பைப் பற்றியும் படகின் விலையைப் பற்றியும்தான். எங்கே இறக்குவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் நான் பட்ட தொல்லைகளில் பெரும்பாலானவை படகால் வந்தவை அல்ல. தவறான இடத்தில் இறக்கியதால் வந்தவை.

காரை நிறுத்த வசதி இருக்கிறது, படிகள் நன்றாக இருக்கின்றன என்று சாலையிலிருந்து பார்த்துத்தான் எல்லோரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் ஆற்றின் பக்கமிருந்து பார்க்கச் சொல்கிறேன். களைத்துப் போய், காற்று எதிர்த்து அடிக்கும் வேளையில், தண்ணீர் காலையில் இருந்த மட்டத்தில் இல்லாதபோது, இந்த இடத்துக்கு உங்களால் திரும்பி வந்து கரையேற முடியுமா? முடியும் என்றால் அது படகு இறக்கும் இடம். முடியாது என்றால், எவ்வளவு வசதியாக இருந்தாலும் அங்கே இறக்க வேண்டாம். கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுபவைதான்.

முதல் படி: ஆறு எத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

டெல்லியில் யமுனை ஒரே நீட்டாக ஓடும் ஆறு அல்ல. வடக்கே பல்லா அருகில் நகர எல்லைக்குள் நுழையும் ஆறு, இருபது கிலோமீட்டருக்கும் மேல் வயல்களுக்கும் மணல்திட்டுகளுக்கும் இடையே ஓடி வஜீராபாத் தடுப்பணையில் நிற்கிறது. அங்கிருந்து தெற்கே ஓக்லா தடுப்பணை வரை சுமார் 22 கி.மீ. இந்த 22 கிலோமீட்டருக்கு நடுவில் ஐடிஓ தடுப்பணை குறுக்கே நிற்கிறது. ஆகவே படகுக்காரரின் கணக்கில் இது மூன்று தனித்தனி நீர்நிலைகள்: வஜீராபாத்துக்கு மேலே ஒன்று, வஜீராபாத்துக்கும் ஐடிஓவுக்கும் இடையில் ஒன்று, ஐடிஓவுக்கும் ஓக்லாவுக்கும் இடையில் ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படகில் போக முடியாது. போக முயலவும் கூடாது.

தடுப்பணையைப் பற்றி இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மேற்புறத்தில் தண்ணீர் ஏரியைப் போல அசையாமல் தெரியும். மதகு திறந்திருந்தால், மேற்பரப்பில் ஒன்றும் தெரியாமலே அடியில் இழுப்பு இருக்கும். கீழ்ப்புறத்தில் விழும் தண்ணீர் அடியில் பாய்ந்து மேலெழுந்து மீண்டும் அணையை நோக்கியே சுழலும்; அந்தச் சுழலில் அகப்பட்ட படகை அது வெளியே விடாது, லைஃப் ஜாக்கெட் போட்ட ஆளையும் எளிதில் விடாது. எந்தத் தடுப்பணைக்கும் மேற்புறமோ கீழ்ப்புறமோ ஒரு கிலோமீட்டருக்குள் படகை இறக்குவதில்லை என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. இதை எந்தச் சூழ்நிலையிலும் நான் தளர்த்தியதில்லை. நீங்களும் தளர்த்த வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: காலத்தையும் நீர்மட்டத்தையும் பாருங்கள்

நமக்கு ஆடிப்பெருக்கு என்றால் ஆற்றங்கரைக்குப் போகும் நாள். டெல்லியில் ஆடி பதினெட்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருகிறது. யமுனையில் அது படகை வீட்டிலிருந்து எடுக்கவே கூடாத காலம். ஆற்றை வணங்க வேண்டுமானால் கரையில் நின்று வணங்குங்கள். ஜூலை முதல் செப்டம்பர் முடியும் வரை எந்த இடமும் இறக்கும் இடம் அல்ல.

காரணம் மேலே ஹரியானாவில் யமுனா நகர் மாவட்டத்தில் உள்ள ஹத்னிகுண்ட் தடுப்பணையில் இருக்கிறது. மழை இல்லாத மாதங்களில் ஆற்று நீரின் பெரும்பகுதி அங்கே மேற்கு, கிழக்கு யமுனைக் கால்வாய்களுக்குத் திருப்பப்படுகிறது. மலையில் பெருமழை பெய்தால் அந்தத் தண்ணீர் நேரே ஆற்றில் விடப்படுகிறது. அது டெல்லிக்கு வந்து சேரப் பொதுவாக இரண்டு நாட்கள் ஆகும். ஆகவே டெல்லியில் வானம் வெளுத்திருந்தாலும் ஆறு ஏறும். ஹத்னிகுண்டிலிருந்து வெளியேறும் நீரின் அளவு செய்திகளில் வந்துகொண்டே இருக்கும்; லட்சம் கன அடி என்ற சொல் காதில் விழுந்தால் அந்த வாரத் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

டெல்லியில் மட்டத்தை அளப்பது லோஹா புல் என்று எல்லோரும் சொல்லும் பழைய ரயில்வே பாலத்தில். 204.50 மீட்டர் எச்சரிக்கை மட்டம், 205.33 மீட்டர் அபாய மட்டம், 206 மீட்டரில் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்களை வெளியேற்றத் தொடங்குவார்கள். 2023 ஜூலையில் ஆறு 208.66 மீட்டரைத் தொட்டு, 1978இல் பதிவான 207.49 மீட்டரைத் தாண்டியது. அப்போது ஐடிஓ தடுப்பணையின் 32 மதகுகளில் 5 வண்டல் அடைத்துத் திறக்க முடியாமல் போயின. 2025 செப்டம்பரிலும் ஆறு 207 மீட்டரைத் தாண்டியது. வெள்ளம் வடிந்த பிறகும் உடனே இறங்கக் கூடாது. பழக்கப்பட்ட கரை அரித்துப் போயிருக்கும். மணல்திட்டு இடம் மாறியிருக்கும். முள்வேலிக் கம்பிகளும் வேரோடு சாய்ந்த மரங்களும் தண்ணீருக்கடியில் கிடக்கும். போன வருடம் நல்ல துறையாக இருந்த இடத்தை இந்த வருடம் புதிய இடமாகவே எண்ணிச் சோதிக்க வேண்டும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வேறொரு சிக்கல். ஆந்தி என்று இங்கே சொல்லும் புழுதிப் புயல் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் திடீரென எழும்பும். காற்றடைத்த படகு அந்தக் காற்றில் சருகு போலப் பறக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க விடியற்காலைப் பனிமூட்டம் இறங்கும். அந்த நாட்களில் எதிர்க்கரை தெளிவாகத் தெரியும் வரை நான் படகுக்குக் காற்றுக்கூட அடிப்பதில்லை. எஞ்சியிருப்பது நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரையிலான காலைப் பொழுதுகள். யமுனையில் படகுக்கு உரிய காலம் அவைதான்.

மூன்றாம் படி: எந்தத் துண்டு என்று முடிவு செய்யுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மூன்று துண்டுகளிலும் தண்ணீர் வேறு, கரை வேறு, ஆட்கள் வேறு.

வஜீராபாத்துக்கு மேலே உள்ள பகுதியையே நான் முதலில் பரிந்துரைக்கிறேன். நகரத்தின் சாக்கடைகளில் மிகப் பெரியதான நஜஃப்கட் நாலா வஜீராபாத்துக்குச் சற்றுக் கீழே ஆற்றில் கலக்கிறது. அதற்கு மேலே இருக்கும் தண்ணீர் ஒப்பீட்டளவில் தூய்மையானது. மேற்குக் கரையில் ஜகத்பூர், கிழக்குக் கரையில் சோனியா விஹார் ஆகிய இரண்டு பக்கமிருந்தும் ஆற்றை அணுக முடிகிறது. ஆறு அகலமாக இருக்கிறது. நவம்பருக்குப் பின் ஓட்டம் மெதுவாக இருக்கிறது. கரையோர நாணல்களில் பறவைகள் உண்டு. இவ்விரு ஊர்களுக்கும் இடையே சுற்றுலாப் படகு விடும் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆகவே இந்தப் பகுதியில் என்ன அனுமதி, எந்தக் கரையில் கட்டுமானம் என்பதை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகக் கேட்டறிய வேண்டும்.

ஆனால் இந்தப் பகுதிக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவது, இந்தத் தண்ணீர்தான் வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக நகரத்தின் குடிநீராகிறது. இங்கே எண்ணெய் சிந்தும் இயந்திரப் படகை இறக்குவது, நம் வீட்டுக் குழாயில் நாமே எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம். துடுப்புப் படகு மட்டும் போதும். இரண்டாவது, மணல் அள்ளிய பள்ளங்கள். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடிய இடங்கள் இங்கே உண்டு. கோடையில் குளிக்க இறங்கும் பிள்ளைகள் உயிரிழக்கும் செய்திகள் இந்தப் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் வருகின்றன. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். மூன்றாவது, வஜீராபாத் தேக்கத்தின் வழக்கமான மட்டம் 674.5 அடி. கோடையில் அது குறைந்து நகரில் குடிநீர்த் தட்டுப்பாடு என்று செய்தி வரும்போது, கரையோரத்தில் தண்ணீர் பின்வாங்கிச் சேற்றுப் பட்டை வெளியே வந்திருக்கும். செய்தித்தாளில் அந்த எண்ணைப் பார்த்தாலே கரை எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

இரண்டாவது துண்டு, வஜீராபாத்திலிருந்து ஐடிஓ வரை, நகரத்தின் ஆறு. சிக்னேச்சர் பாலம், காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தை ஒட்டிய பாலம், 1866இல் கட்டிய லோஹா புல், கீதா காலனி பாலம் என்று அடுத்தடுத்துப் பாலங்கள். மேற்குக் கரையில் யமுனா பஜாரின் பழைய படித்துறைகள், நிகம்போத் காட் சுடுகாடு. குளிர்காலத்தில் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவதும் இங்கேதான். விடியற்காலையில் புகைப்படக்காரர்களையும் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு மரப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு போகும். நகரத்து ஆற்றின் முழு நெரிசலையும் இங்கே பார்க்கலாம். மேலே பாலத்தில் ரயில், கீழே துடுப்பின் சத்தம், நடுவில் பறவைகளின் கூச்சல். அதைப் படகில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்காத அனுபவம்.

ஆனால் தண்ணீர் மோசம். குளிக்கத் தகுந்த நீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக்கிருமிகள் 2,500க்கு மேல் இருக்கக் கூடாது என்பது அளவு. இந்தப் பகுதியில் அது பலமுறை லட்சங்களில் பதிவாகியிருக்கிறது. ஆகவே இங்கே முதன்முதலாக வருபவர் சொந்தப் படகை இறக்க வேண்டாம். மல்லா என்று சொல்லப்படும் படகுக்காரர் ஒருவரின் மரப்படகில் இரண்டு முறையாவது போய்வாருங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் நீங்கள் வாங்கக்கூடிய எந்த வரைபடத்தையும்விட மதிப்புள்ளது. முதல் வருடம் யமுனா பஜாரில் வயதான படகுக்காரர் ஒருவரிடம், "சாச்சா, இந்தப் படியிலேயே என் படகை இறக்கலாமா?" என்று கேட்டேன். அவர் தன் மூங்கில் கழியை எடுத்துக் கடைசிப் படிக்கு அப்பால் குத்திக் காட்டினார். கல்லில் இடிபட்ட சத்தம் கேட்டது. ஒரு முழம் தள்ளிக் குத்தினார், மீண்டும் கல். "பாபுஜி, இடிந்த படியெல்லாம் உள்ளேதான் கிடக்கிறது. என் படகு மரம், தாங்கும். உங்களுடையது பலூன்," என்றார். தண்ணீர் கறுப்பாக இருந்ததால் நான் எத்தனை முறை வந்து பார்த்திருந்தாலும் அந்தக் கற்கள் எனக்குத் தெரிந்திருக்காது.

2024இல் திறக்கப்பட்ட வாசுதேவ் காட் போன்ற புதிய துறைகள் வழிபாட்டுக்காகவும் மக்கள் உலாவுவதற்காகவும் அமைக்கப்பட்டவை. அங்கே படகைத் தூக்கிக்கொண்டு போவது முறையல்ல. நிகம்போத் காட் அருகில் எக்காரணம் கொண்டும் இறக்காதீர்கள். தந்தையின் அஸ்தியைக் கரைத்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு முன்னால் நாம் உல்லாசமாகத் துடுப்புப் போடுவது எந்த நியாயத்திலும் அடங்காது.

மூன்றாவது துண்டான ஐடிஓ முதல் ஓக்லா வரை உள்ள பகுதியில் நான் இறக்குவதில்லை, சுருக்கமாகவே முடிக்கிறேன். தண்ணீர் தேங்கி நிற்கிறது, ஆகாயத்தாமரை துடுப்பைச் சுற்றிக்கொள்கிறது, கீழ்ப்பகுதி ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்குள் வருகிறது. ஓக்லா தடுப்பணையை ஒட்டிய காளிந்தி குஞ்சில் வெள்ளை நுரை மிதக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சலவைப் பொருட்களும் கழிவும் கலந்த நீர் தடுப்பணையிலிருந்து விழும்போது அடிபட்டு எழும் நுரை அது.

நான்காம் படி: படகு இல்லாமல் நடந்து போய்ப் பாருங்கள்

துண்டை முடிவு செய்த பிறகு, வரைபடத்தில் இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்துக்கும் வெறுங்கையோடு இரண்டு முறை போங்கள். ஒரு முறை நீங்கள் இறங்கப்போகும் காலை நேரத்தில். இன்னொரு முறை திரும்பி வரக்கூடிய நேரத்தில். ஆறு மணிக்கு ஆளில்லாமல் கிடக்கும் கரையில் பத்து மணிக்கு எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு மீட்டர் நீளமுள்ள மூங்கில் கழி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக வண்ணம் தீட்டியது. முதலில் கரையின் சரிவைப் பாருங்கள். செங்குத்தாக வெட்டினாற்போல் நிற்கும் மண் கரை ஆற்றின் வெளிவளைவில் இருக்கிறது என்று பொருள். அங்கே ஓட்டம் வேகமாகவும் ஆழம் அதிகமாகவும் இருக்கும், கால் வைத்தால் கரையே சரியும். மணல் படிந்து மெல்லச் சரியும் கரை உள்வளைவு. நமக்கு வேண்டியது அதுதான். பிறகு நீர்விளிம்பில் கழியை ஊன்றி உடல் எடையைச் சற்று அதன்மேல் சாருங்கள். அது ஒரு சாணுக்கு மேல் அமிழ்ந்தால் உங்கள் கால் முழங்கால் வரை போகும். வேறு இடம் பாருங்கள். அமிழாமல் நின்றால், விளிம்பிலிருந்து எட்டும் தூரம் வரை ஒவ்வோர் அடியாக ஆழம் பாருங்கள். ரப்பர் படகு மிதக்க ஒரு சாண் தண்ணீர் போதும். ஆனால் துடுப்பு தரையில் இடிக்காமல் வீச முழங்கால் ஆழம் வேண்டும். விளிம்பிலேயே இடுப்பளவு ஆழம் இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். ஏறும்போது படகு கவிழ்ந்தால் நிற்கத் தரை கிடைக்காது.

படித்துறையாக இருந்தால் கடைசிப் படியைக் கவனியுங்கள். தண்ணீரில் ஏறி இறங்கும் படியில் வழவழப்பான பாசி இருக்கும். செருப்பின் நுனியால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். படகின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் வழுக்கினால் முழங்கால் சில்லு உடையும். இந்தத் தண்ணீர் பட்ட காயம் சீக்கிரம் சீழ் கட்டும்.

சேற்றைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், எதிர் வீட்டு அண்ணாவும் நானும் நகரப் பகுதியில் புல் படர்ந்த அழகான கரை ஒன்றில் படகை இறக்கினோம். அன்று நான் கழியை எடுத்துப் போகவில்லை. புல் இருந்தால் தரை கெட்டி என்று நம்பிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. படகுக்கும் புல்லுக்கும் இடையே நான்கு மீட்டர் அகலத்துக்குக் கருஞ்சேறு. இறங்கி இழுத்துவிடலாம் என்று காலை வைத்தேன். தொடை வரை போனது. மற்றக் காலை எடுக்க முயன்றால் இது இன்னும் அமிழ்ந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று சொல்வார்களே, அதே நிலை. "டேய், அசையாதே, படகு மேல படு!" என்று அண்ணா கத்தினார். படகின் குறுக்கே நெஞ்சைச் சாய்த்து, சேற்றுக்குள் காலை மெல்ல ஆட்டி ஆட்டி உருவினேன். அதன் பிறகு இருவரும் படகிலேயே குப்புறப் படுத்து, கைகளால் சேற்றைத் தள்ளித் தள்ளிப் படகைச் சறுக்கிக்கொண்டு போய்ப் புல்லைப் பிடித்தோம். சேற்றில் அகப்பட்டால் இதுதான் வழி: எடையைப் பரப்ப வேண்டும், எழுந்து நிற்க முயலக் கூடாது. ஆனால் ஒரு மூங்கில் கழி எடுத்துப் போயிருந்தால் இந்த வித்தை தேவைப்பட்டிருக்காது.

ஐந்தாம் படி: ஓட்டத்தை அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து ஓட்டத்தை மதிப்பிடுவது புதியவர்களுக்குக் கைவராது. கரையோரம் பத்து மீட்டரை நடந்து அளந்து இரு முனையிலும் ஒரு கல்லை வையுங்கள். யமுனையில் செண்டுமல்லிப் பூவுக்குப் பஞ்சமில்லை. யாரோ பூசை செய்து விட்ட மாலை மிதந்து வரும். அது ஒரு கல்லிலிருந்து மறு கல்லை அடைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். இருபது நொடி என்றால் நொடிக்கு அரை மீட்டர், அதாவது மணிக்கு 1.8 கி.மீ. பத்து நொடி என்றால் மணிக்கு 3.6 கி.மீ. என்னைப் போன்ற சாதாரண ஆள் ரப்பர் படகில் மணிக்கு மூன்று முதல் நான்கு கிலோமீட்டர்தான் துடுப்புப் போட முடியும். ஆகவே பூ பத்து நொடியில் கடந்தால், நீங்கள் முழு மூச்சாகத் துடுப்புப் போட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். இருபது நொடிக்குக் குறைவாக இருந்தால் நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். கரையோரத்தைவிட நடு ஆற்றில் ஓட்டம் வேகம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பாலத் தூண்களுக்கு அருகில் இறக்குவதைத் தவிர்த்துவிடுங்கள். நிழல் இருக்கிறது, சாலை இருக்கிறது என்று அந்த இடங்கள் கவர்ச்சியாகத் தெரியும். தூண்களுக்கு இடையே தண்ணீர் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும்; தூணின் அடியில் மண் அரித்து ஆழக் குழி விழுந்திருக்கும்; தூணுக்குப் பின்னால் சுழி இருக்கும். போதாததற்கு, மேலிருந்து பிளாஸ்டிக் பை நிறையப் பூசைப் பொருட்களை வீசுவார்கள். தேங்காயோடு.

ஆறாம் படி: நாட்காட்டியைப் பாருங்கள், கேட்டுக்கொள்ளுங்கள்

தீபாவளிக்கு ஆறாம் நாள், ஆற்றில் நின்று சூரியனை வணங்கும் சட் பூசை. அந்த வாரம் ஆற்றங்கரை முழுவதும் பக்தர்களுக்கு உரியது. நீங்கள் குறித்து வைத்த இடத்தில் மூங்கில் தடுப்பு கட்டியிருப்பார்கள். துர்கா பூசை முடிந்த பிறகு சில வாரங்களுக்குச் சிலைகளின் மூங்கில் சட்டங்களும் ஆணிகளும் கரையோர நீரில் கிடக்கலாம். காற்றுப் படகுக்கு ஓர் ஆணி போதும்.

அனுமதி விஷயத்தில் தயங்காமல் நேரே போய்க் கேட்பதே நல்லது. இயந்திரம் பொருத்திய படகு என்றால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி ஆய்வும் பதிவும் வேண்டும். துடுப்புப் படகாக இருந்தாலும், அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும், டெல்லி அரசின் பாசனம் மற்றும் வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையிலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். வெள்ளக் காலத்தில் தாழ்வான பகுதிகளுக்குத் தடையுத்தரவும் வரும். 2023 ஜூலையில் 144 தடை போட்டார்கள். இன்னும் ஒன்று: காதர் என்று சொல்லும் ஆற்றுப்படுகை நிலத்தில் காய்கறி பயிரிடுபவர்கள் இருக்கிறார்கள். முள்ளங்கிப் பாத்தியின் குறுக்கே படகை இழுத்துக்கொண்டு போகாமல், வரப்பு எது என்று கேட்டு அதன் வழியே போங்கள். அடுத்த முறை உங்கள் காரையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஏழாம் படி: ஏறும் இடத்தை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்

இறக்கும் இடம் ஒன்று தேறினால் போதாது. அதற்குக் கீழே, ஓட்டம் போகும் திசையில், அரை கிலோமீட்டருக்குள் இன்னொரு கரையேறும் இடம் கண்டுபிடியுங்கள். கை சோர்ந்து முதல் இடத்தைத் தவறவிட்டால் ஆறு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அது. அந்த இரண்டாவது இடத்துக்கும் அடுத்த தடுப்பணைக்கும் இடையே குறைந்தது ஒரு கிலோமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் தண்ணீரிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஓர் அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள்: தனி மரம், மின்கோபுரம், கோயில் கொடி. ஆற்றிலிருந்து பார்க்கும்போது எல்லாக் கரையும் ஒரே மாதிரித்தான் தெரியும். நான் ஒரு சிவப்புத் துணியை நாணலில் கட்டிவிட்டுப் போவேன், வரும்போது அவிழ்த்து எடுத்துக்கொள்வேன்.

இரண்டு இடங்களையும், கிளம்பும் நேரத்தையும், திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்குக் கைபேசியில் அனுப்பிவிடுங்கள்.

எட்டாம் படி: இறக்குதல்

மற்றதெல்லாம் சரியாக இருந்தால் இது எளிது. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். படகின் மூக்கு ஓட்டத்துக்கு எதிராக, மேற்கு நோக்கியோ கிழக்கு நோக்கியோ அல்லாமல் ஆறு வரும் திசையை நோக்கி இருக்கட்டும். ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள மற்றவர் நடுவில் உட்கார்ந்து ஏற வேண்டும். முதலில் எதிரோட்டத்தில் போங்கள். பலம் இருக்கும்போதே கடினமான பாதியை முடித்துவிட்டால், களைப்பு வரும் நேரத்தில் ஆறே உங்களைத் துறைக்குக் கொண்டுவந்துவிடும். வஜீராபாத்துக்கு மேலே உள்ள பகுதியில் இது கட்டாயம். அங்கே ஓட்டம் போகும் திசையில்தான் தடுப்பணை இருக்கிறது. சோனியா விஹார் பக்கம் இறங்கினால் நான் ஒருமுறைகூட முதலில் தெற்கே திரும்பியதில்லை.

கால் புண், கை வெட்டு எதுவும் இருந்தால் அன்று ஆற்றில் இறங்க வேண்டாம். ரப்பர் காலணி முழங்கால் வரை இருக்கட்டும். வீடு வந்ததும் படகையும் துடுப்பையும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்; கையைக் கழுவும் வரை காரில் இருக்கும் முறுக்கைத் தொடாதீர்கள்.

கடைசியாக, படகு உலர்வதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதிவிடுங்கள்: தேதி, லோஹா புல்லில் அன்றைய மட்டம், பூ பத்து மீட்டரைக் கடந்த நொடிகள், கழி எவ்வளவு அமிழ்ந்தது. என் நோட்டில் ஜகத்பூர்ப் பக்கத்து ஒரே கரைக்கு ஏழு வருடங்களில் இருபத்தாறு பதிவுகள் இருக்கின்றன. அதில் ஒன்பது நாட்களில் கழியைக் குத்திப் பார்த்துவிட்டுப் படகைக் காரிலிருந்து இறக்காமலே திரும்பியிருக்கிறேன்.